குறை சொல்ல முடியாத அங்கவடி

சித்தப்பா குதிரையிலிருந்து எத்தனை தடவை விழுகிறார் என்று எண்ணிச் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. பிற்காலத்தில் நான் பார்த்த எந்த உத்தியோகத்திலும் அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் என்னை நம்பி ஒப்படைத்ததில்லை. வேலை கொடுத்தவர் பெரியப்பா. எனக்கிருந்த தகுதிகள் இரண்டு: நூறு வரை தப்பில்லாமல் எண்ணுவேன், ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். இரண்டாவது தகுதியைத்தான் வீட்டில் உயர்வாக மதித்தார்கள் என்று நினைக்கிறேன். காலையில் இரண்டு மணி நேரம் நான் வெளியே போனால் அந்த இரண்டு மணி நேரமும் ஊறுகாய் ஜாடி உடையாது, பசு மிரளாது, பூஜை மணி காணாமல் போகாது.

அது ஊரெல்லாம் உப்புக் காய்ச்சிய வருஷம். அப்பா ரயில்வேயில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்ததால் அம்மாவும் நானும் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. காலை ஒரு ஸ்நானம், மாலை ஒரு ஸ்நானம், நடுவில் ஆபீஸ் என்று வாழ்ந்தவர். சித்தப்பா பி.ஏ. தேறிவிட்டு ஒன்றரை வருஷமாகச் சும்மா இருந்தார். சாயங்காலமானால் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவார். ஒருநாள் சட்டைக்கை கிழிந்து வந்தார். நாய் என்றார். எந்த நாய், என்ன நிறம், வால் உண்டா என்று நான் கேட்கக் கேட்கச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தச் சித்தப்பாவுக்குத்தான் பெரியப்பா போலீஸ் இலாகாவில் ஓர் அதிகாரி வேலையைப் பிடித்து வைத்திருந்தார். எட்டு மாசம் ஒரு துரையின் வராந்தாவில் தலைப்பாகையோடு காத்துக் கிடந்து பிடித்த வேலை. எழுத்துப் பரீட்சை, உடம்புப் பரீட்சை இரண்டும் ஆகிவிட்டன. பாக்கி குதிரையேற்றம் ஒன்றுதான். அடையாற்றுப் பக்கம் ஒரு மைதானத்தில், வேறொரு துரைக்கு முன்னால், குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆறு வாரம் அவகாசம்.

எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் எந்த மிருகத்தின் மேலும் ஏறியதில்லை. வாகனத்தில் ஏறுவது கபாலீசுவரர் வேலை. தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் வேலை. ஆகவே கச்சேரி ரோட்டில் லாடம் அடிக்கும் பட்டறை வைத்திருந்த பாயை ஏற்பாடு செய்தார்கள். பாய்க்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் பேச்சைக் கேட்டால் முந்நூறு வருஷம் வாழ்ந்தவர் போலிருக்கும். பட்டறைத் துருத்தியைவிடப் பலமாக மூச்சு விடுவார், சம்மட்டியைவிடச் சத்தமாகப் பேசுவார். பட்டறைக்குப் பின்னால் லாயம். அதில் ராணி என்று ஒரு பழுப்புக் குதிரை. ராணியும் பாயும் ராணிக்குச் சேணமும் சேர்த்து ஆறு வாரத்துக்குப் பேசி முடித்தார்கள்.

பழகுகிற இடம் மாம்பலத்தை ஒட்டிய தியாகராய நகர். ஏரியைத் தூர்த்து அப்போதுதான் அதை ஊராக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு இருக்கும், தெருவுக்குப் பெயர்ப்பலகை இருக்கும், வீடு மட்டும் இருக்காது. விழுவதற்கு அதைவிட நல்ல இடம் சென்னப்பட்டணத்தில் கிடையாது. எங்கே பார்த்தாலும் மெத்தை மாதிரி மணல்.

சித்தப்பா நன்றாக விழுந்தார். இடப்பக்கம் விழுந்தார், வலப்பக்கம் விழுந்தார், ஒரு தடவை ராணி நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்தார். இதில் என்னை வியக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. விழுவதற்குச் சற்று முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அடுத்த நிமிஷம் மணலில் கிடப்பார். இவருக்கு மட்டும் எப்படித்தான் முன்கூட்டியே தெரிகிறதோ என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு ஓடி வந்ததும் பெரியப்பா கேட்பார்.

"எத்தனை?"

"ஏழரை."

"அதென்னடி அரை?"

"ஒரு தரம் பாதிதான் விழுந்தார் பெரியப்பா. மீதியைப் பாய் பிடிச்சுண்டுட்டார்."

முதல் வாரக் கடைசியில் பெரியப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அங்கவடி சரியில்லே அண்ணா," என்றார்.

அங்கவடி என்றால் சேணத்தின் இரண்டு பக்கமும் தோல்வாரில் தொங்குகிற வளையம். குதிரைக்காரன் கால் வைக்கிற இடம். பாய் அதை ரிக்காப் என்பார். ராணியின் சேணத்தில் இருந்தது மெல்லிசான பித்தளை ரிக்காப்; வெறுங்காலோடு ஏறுகிற குதிரைக்காரப் பையன்களுக்காகச் செய்தது. சித்தப்பாவோ பரீட்சைக்காக மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய பூட்ஸ் போட்டிருந்தார். படகு மாதிரி பூட்ஸ்.

"பூட்ஸ் அதுக்குள்ளே மாட்டிக்கறது. விழறப்போ கால் வெளியே வராட்டா குதிரை தரதரன்னு இழுத்துண்டு போயிடும். போன வருஷம்கூட யாரோ ஒருத்தன் அப்படித்தான் செத்துப்போனானாம்," என்றார் சித்தப்பா.

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ கால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயமா? வளையத்தைப் பெரிதாக்கினால் சித்தப்பாவுக்கு வேலை கிடைத்துவிடும். அளவுக்கு ஒரு பூட்ஸ் வேண்டும், அவ்வளவுதானே.

பூட்ஸ் மாட்டுக்கொட்டிலில் இருந்தது. தோல் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது. கையில் தொடக் கூடாதென்று எனக்கும் தெரியும். அதனால்தான் நான் புத்திசாலித்தனமாக, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒரு வேஷ்டியை இழுத்து அதில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். அது பெரியப்பா மறுநாள் திவசத்துக்காகத் தனியாக நனைத்து, யாரும் நெருங்காதபடி உயரத்தில் கொம்பால் தூக்கிப் போட்டிருந்த மடி வேஷ்டி. செத்த மாட்டுத் தோலை மடி வேஷ்டியில் சுற்றி மாட வீதியெல்லாம் ஊர்வலம் விட்ட பெருமை எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு. அன்றைக்குப் பெரியப்பா மூன்று தடவை குளித்தார். நான் அம்மாவிடம் வாங்கியதை எண்ணவில்லை. எனக்கு நூறு வரைதான் தெரியும்.

பாய் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா, இது பூட்சா, ஓடமா? சரி. பூட்சுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெரல் எடம் வுடணும். அதான் கணக்கு. கம்மியா வுட்டா மாட்டிக்கும், ஜாஸ்தியா வுட்டா உள்ள பூந்துக்கும்."

மூன்றாம் நாள் புதுப் பித்தளை ரிக்காப் வந்தது. சித்தப்பா ஏறினார், கண்ணாடியைக் கழற்றினார், விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ரொம்ப அகலம். கணுக்கால் வரைக்கும் உள்ளே போயிடறது. இது இன்னும் ஆபத்து," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாம்பலத்திலிருந்து கச்சேரி ரோடு வரைக்கும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

"பாய், யார் விரலை வச்சு அளந்தேள்?"

"யார் வெரலா? என் வெரலுதான்."

காட்டினார். செவ்வாழைப்பழம் மாதிரி இருந்தது.

"இதெல்லாம் விரலா? சித்தப்பா விரல் முருங்கைக்காய் மாதிரி இருக்கும்."

"ஏ பாப்பா! எங்க அப்பாரு கவர்னர் குதிரைக்கே ரிக்காப் அடிச்சவரு. இந்த வெரலுலதான் அடிச்சாரு. வெரலுல கொற சொல்றியா நீ?" என்று கத்தினார். கத்திக்கொண்டே வளையத்தை உலையில் போட்டார். அதுதான் பாய். வாய் ஒரு பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், கை இன்னொரு பக்கம் திருத்திக்கொண்டிருக்கும். தன் சாமானில் குறை உண்டென்று மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஜட்காவின் அச்சு முறிந்தால் ரோட்டின் குறை. லாடம் கழன்றால் குதிரையின் குறை.

அளவு சரியானதும் வேறு குறை முளைத்தது. கால் வழுக்குகிறதாம். அதற்கு ஒருவேளை நானும் காரணமாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்க்கிறபோது அம்மா என்னையும் உட்கார வைத்திருந்தாள். நான் ரிக்காப்பையும் வாங்கி வந்து விளக்கோடு விளக்காகப் புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கியிருந்தேன். "கொழந்தை எவ்வளவு ஆசையா தேச்சிருக்கா," என்று சித்தப்பா சொன்னபோது அவர் முகத்தில் ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று நான் யோசிக்கவில்லை. அன்று பதினோரு தடவை விழுந்தார்; அதுதான் உச்சம்.

பாய் உளியை எடுத்து, கால் படுகிற பட்டையில் குறுக்கும் நெடுக்குமாகத் தேங்காய்த் துருவி மாதிரி பல் வெட்டினார். வழுக்கல் நின்றது. அடுத்த வாரம் சித்தப்பா, பித்தளை லேசு, கால் நழுவினால் ரிக்காப் பட்டம் மாதிரி பறந்து எங்கேயோ போய்விடுகிறது, மறுபடி காலால் தேடிப் பிடிக்க முடியவில்லை என்றார். இது நியாயமான குறைதான் என்று பாயே யோசித்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை. பித்தளையை மூலையில் எறிந்துவிட்டு இரும்பில் ஆரம்பித்தார்.

அந்த ஒரு வாரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தைவிடப் பட்டறையில் நின்ற நேரம் அதிகம். நின்றேன் என்பதுகூடத் தப்பு. உலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இரும்புக் கம்பி சிவந்து, வளைந்து, கோயில் திருவாசி மாதிரி ஆனது. மேலே தோல்வார் நுழைய ஒரு சதுரக் கண்; அதிலிருந்து இறங்குகிற இரண்டு கைகள், மேலே மெல்லிசு, கீழே வர வரக் கனம்; அடியில் அகலமான பட்டை. கனமெல்லாம் அடியில் இருந்ததால் எப்படி ஆட்டிவிட்டாலும் இரண்டு ஆட்டத்தில் நேராக வந்து நின்றது. என்னால் அப்படி நிற்க முடிந்ததில்லை.

முடியப்போகிற நாள் சித்தப்பாவே பட்டறைக்கு வந்தார். "அவசரமே இல்லை பாய். பரீட்சை போனால் போறது. நிதானமா செய்யுங்கோ," என்றார்.

"ஆயிட்ச்சி சின்ன சாமி! நாள் பூரா பாப்பா பின்னாலயே நின்னுகினு உயிர வாங்கிச்சி," என்று பாய் பெருமையோடு எடுத்து நீட்டினார். சித்தப்பா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பாய்க்கு அது போதவில்லை. பாராட்டு வார்த்தையாக வர வேண்டும். வராததால் சரித்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

"அந்தக் காலத்துல இந்த ரிக்காப்பே கெடையாது, தெரியுமா? ஜனங்க சும்மா கால தொங்க வுட்டுகினு போவாங்க. பெறவு கட்டவெரல மட்டும் நொழைக்கற மாதிரி ஒரு கயிறு கட்டினாங்க. அப்பறந்தான் எங்க ஆளுங்க இரும்புல கண்டுபுடிச்சாங்க."

"எந்த ஆளுங்க?" என்றேன்.

"எங்க ஆளுங்கதான்."

பிற்பாடு நான் புரட்டிப் பார்த்த புத்தகங்கள் கட்டைவிரல் வளையம் நம் நாட்டுப் பழைய சிற்பங்களிலேயே இருக்கிறது என்கின்றன. முழுக்கால் வைக்கிற இரும்பு அங்கவடிக்குச் சீனாக்காரனைக் கைகாட்டுகின்றன. பாயிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

"எதுக்குக் கண்டுபுடிச்சாங்க, அதச் சொல்லு?" என்று பாய் சித்தப்பாவைக் கேட்டார்.

"ஏறதுக்கு."

"ஏறத்துக்கா! ஏறணும்னா ஒரு கல்லு மேல நின்னு ஏறிக்கலாமே. வா, காட்டறேன்."

பட்டறையில் சேணம் மாட்டி வைக்க ஒரு மரத்தாங்கி உண்டு, குதிரை உயரத்துக்கு. பாய் அதன்மேல் சித்தப்பாவை உட்கார வைத்தார். கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். பக்கத்தில் ராணிக்கு வாங்கிய தவிட்டு மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"ரிக்காப் வேணாம். கால தொங்க வுடு. இப்ப அந்த மூட்டைய ஓங்கிப் போடு."

சித்தப்பா ஓங்கினார். ஓங்கின கை ஆளை இழுத்துக்கொண்டு போய், தொப்பென்று கீழே விழுந்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். நல்ல வேளை உடையவில்லை.

"பாத்தியா! இப்ப மேல குந்தி ரிக்காப்ல கால வை. எந்திரி. எந்திரிச்சி நில்லு நைனா! நின்னுகினு போடு!"

சித்தப்பா புது இரும்பில் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நின்றார். அவ்வளவு உயரமாக அவரை நான் பார்த்ததே இல்லை. கம்பு இறங்கியது. மூட்டை மேல்பாகம் பிளந்து தவிடு குபுகுபுவென்று கொட்டியது. சித்தப்பா ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"சபாஷ்!" என்று பாய் தொடையைத் தட்டினார். "இதுக்குத்தான் இரும்பு! மேல நின்னுகினு கீழ கீறவன அடிக்கறதுக்கு. அடிச்சாலும் ஆளு வுழக் கூடாது. இன்னா சொல்ற?"

"இன்னொரு மூட்டை! இன்னொரு மூட்டை!" என்று நான் குதித்தேன்.

சித்தப்பா இறங்கினார். கொட்டிய தவிட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அள்ளி மூட்டைக்குள் போட ஆரம்பித்தார். அது தைக்காமல் நிற்காது என்று பாய் சொன்ன பிறகும் அள்ளிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்புகிறபோது குளக்கரையில் திடீரென்று கேட்டார்: "அந்த மூட்டை ஓர் ஆள் உசரம் இருக்குமாடி?"

"உன் உசரம் இருக்காது. பெரியப்பா உசரம் இருக்கும்."

பிறகு என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல், "நான் ஏறுவேன். அடிக்க மாட்டேன்," என்றார்.

"யாரை?"

"யாரையும்."

"மூட்டையைக்கூடவா?"

அந்த மாதங்களில் கடற்கரையில் கூட்டம் கூடினால் குதிரைப் போலீஸ் வந்து கலைக்கும். இது எனக்கும் தெரியும். குதிரையைப் பார்க்க என்னை அனுப்ப மாட்டேன் என்கிறார்களே என்று எனக்கு வருத்தம் இருந்தது. பெரியப்பா ஆபீஸில் ஒரு குமாஸ்தாவின் மைத்துனன் அப்படி ஒரு கூட்டத்தில் பேசினான் என்று அந்தக் குமாஸ்தாவுக்கு வேலை போய்விட்டது. நாலு குழந்தைகள். இதைப் பெரியப்பா சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார். சித்தப்பாவும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். நான்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மோரைக் கொட்டினேன்.

புது ரிக்காப் மாட்டிய பிறகு சித்தப்பா விழவில்லை. முதல் நாள் ஏறி, ஒரு சுற்றுப் போய், இறங்கினார். நானும் பாயும் எதிரே நின்று வாயைப் பார்த்தோம்.

"எப்படி இருக்கு?"

குனிந்து தொட்டுப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். தோல்வாரை இழுத்துப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரியா இருக்கு," என்றார். தோற்றுப்போனவர் குரலில் சொன்னார். நான் மாட வீதி வரைக்கும் ஒரே மூச்சாக ஓடி, "பூஜ்யம் பெரியப்பா! பூஜ்யம்!" என்று கூவினேன். பெரியப்பா எனக்குக் கற்கண்டு கொடுத்தார். மடி வேஷ்டி மன்னிக்கப்பட்டது.

பரீட்சை நாள் பெரியப்பா கோட்டும் தலைப்பாகையுமாக ஜட்காவில் ஏறினார். நானும் ஏறினேன்; என்னைக் கூட்டிப்போக மாட்டேன் என்றவர், நான் ஜட்காவுக்குப் பின்னால் லஸ் முனை வரைக்கும் ஓடி வந்ததைப் பார்த்து மனம் மாறினார். பாய் ராணியைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு முன்னாலேயே போயிருந்தார். மைதானத்தில் ஒரு மரத்தடியில் மேஜை, மேஜையில் வெள்ளைத் துணி, தேநீர்க் கோப்பை, பிஸ்கோத்துத் தட்டு, அதற்குப் பின்னால் துரை. கப்பலிலிருந்து இறங்கிப் பத்து நாள்கூட ஆகாத துரை; மூக்கு வெயிலில் உரிந்து தக்காளி மாதிரி இருந்தது. பக்கத்தில் டவாலி போட்ட ஒரு தபேதார், துரைக்கும் மற்ற ஜனங்களுக்கும் நடுவில் பேச்சைப் பெயர்த்துச் சொல்ல.

சித்தப்பாவுக்கு முன்னால் ஏறிய இரண்டு பேர் எப்படியோ ஒப்பேற்றினார்கள். பிறகு சித்தப்பா. இடது காலை அங்கவடியில் வைத்தார், எழுந்தார், உட்கார்ந்தார். ராணி நடந்தது, துள்ளி ஓடியது, பாய்ந்து ஓடியது. ராணியின் முதுகு ஏறி இறங்க இறங்க, சித்தப்பா அதற்கேற்றாற்போல் அங்கவடியில் எழுவதும் அமர்வதுமாகப் போனார். முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருந்த மூங்கிலை ஒரே தாண்டாகத் தாண்டினார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பெரியப்பாவின் உதடு ஏதோ சுலோகம் முணுமுணுத்தது. பாய் என் தலையில் குட்டி, "பாத்தியா, என் ரிக்காப்ப பாத்தியா!" என்றார். என்னால் தரையில் நிற்க முடியவில்லை.

சித்தப்பா மேஜைக்கு முன்னால் வந்து குதிரையை நிறுத்தி இறங்கினார். துரை சிரித்துக்கொண்டே கை நீட்டினார். சித்தப்பா கையைக் கொடுக்காமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரையின் சிரிப்பு நின்றதும் பெரியப்பாவின் சுலோகம் நின்றதும் தெரிந்தது. துரை நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார். ஏன் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

சித்தப்பா வாயைத் திறந்தார்.

அதற்குள் பெரியப்பா பாய்ந்தார். இரண்டு ஸ்நானக்காரர், நடந்தால் வேஷ்டி மடிப்புக் கலையாதவர், சித்தப்பாவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்று, "ஸ்டிரப், சார்! ஸ்டிரப்!" என்று ராணியின் பக்கம் கையை நீட்டினார். மேலும் ஏதேதோ கொட்டினார். தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஸ்டிரப் என்றால் ரிக்காப் என்று பாய் எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்.

துரை தபேதாரைப் பார்த்தார். தபேதார் பாயைப் பார்த்தார்.

"தொரை கேக்கறாரு. ரிக்காப் சரியில்லியாமே? கால் சுளுக்கிகிச்சாம், இனிமே சவாரி முடியாதுன்னு சொல்றாங்களே. நெசமா?"

நான் பாயைப் பார்த்தேன். இப்போது மைதானம் கிடுகிடுக்கப்போகிறது என்று காத்திருந்தேன். பாயின் முகம் உலை மாதிரி சிவந்தது. அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சாய்ந்த தலைப்பாகையை நிமிர்த்தக்கூட மறந்து நின்றார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, நான் அவரிடம் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"ஆமா தொரை. ரிக்காப் சரியில்ல. என் தப்புதான்."

ஆறு வாரம். மாம்பலத்துக்கும் கச்சேரி ரோட்டுக்கும் நடுவில் நான் ஓடிய ஓட்டம். புளி, உளி, விரல், இரும்பு எல்லாம் எனக்குள் ஒரே கொதிப்பாகக் கொதித்தது. நான் மேஜையின் வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்து அலறினேன்:

"பொய்! ரிக்காப் சரியாத்தான் இருக்கு! சித்தப்பாவே சொன்னார்! காலுக்கு ஒண்ணும் ஆகலே! நான் ஏறுவேன், அடிக்க மாட்டேன்னு சொன்னார்! யாரையும் அடிக்க மாட்டேன்னு குளக்கரையிலே என்கிட்டே சொன்னார்!"

ராணி மட்டும் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டியது.

துரை என்னைச் சுவாரசியமாகப் பார்த்துவிட்டு, தபேதாரிடம் ஏதோ கேட்டார். தபேதார் என்னைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு டவாலியைச் சரிசெய்துகொண்டு, துரையிடம் இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொல்லி, வயிற்றைத் தடவிக் காட்டினார்.

துரை வாய்விட்டுச் சிரித்தார். தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எனக்கா பசி? அந்தத் தபேதாரும் பொய்யன் என்று சொல்ல நான் மறுபடி வாயைத் திறந்தேன். பெரியப்பா துரையின் கையிலிருந்த பிஸ்கோத்தை வாங்கினார். எந்தக் கை பிசைந்ததோ, அதில் முட்டை இருக்குமோ என்னவோ, அதை அவரே தன் கையால் என் வாய்க்குள் திணித்தார்.

"சாப்பிடு," என்றார். "மென்னு சாப்பிடுடி, கொழந்தே. பேசாதே."

அவர் என்னைக் குழந்தே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. துரை காகிதத்தில் ஒரு கோடு இழுத்து, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான் மென்றேன். பிஸ்கோத்து நன்றாக இருந்தது. வெண்ணெய் வாசனை வந்தது. கோபத்துக்கு நடுவிலும் இன்னொன்று கிடைக்குமா என்று தட்டைப் பார்த்தேன். பெரியப்பா, சித்தப்பா, பாய், தபேதார் என்று பெரியவர்கள் நாலு பேரும், துரையை விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.